செத்துப் போனதாகச் சொல்லப்பட்ட பச்சை நொதி: மையலோபெராக்சிடேஸ் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்தில் இயங்கும் ஓர் ஆய்வுக்கூடம், மனித வெள்ளையணு வகையான நியூட்ரோஃபில்களிலிருந்து பிரித்தெடுத்த மையலோபெராக்சிடேஸை 100 மைக்ரோகிராம் குப்பிகளாக வாங்கியது. முதல் குப்பியில் எதிர்பார்த்த செயல்திறனில் பத்தில் ஒரு பங்குதான் தெரிந்தது. இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதைத் திறந்த அன்று வழங்குநரின் தொழில்நுட்ப உதவியாளருக்குச் செய்தி போனது: “அண்ணா, மூணாவதும் செத்துத்தான் வந்திருக்கு. சாங்கியில வெயில்ல வெச்சிட்டாங்க போல. மாத்திக் கொடுங்க.” திரும்பி வந்தது ஒரே கேள்வி: “கரைசல் என்ன நிறம்மா?” “லேசான பச்சை.” அந்தப் பதிலிலேயே பாதி விடை இருந்தது.

ஒரே கூடத்தில் நடந்ததுபோல் எழுதியிருந்தாலும், இந்த நொதியைக் கையாளும் இடங்களில் வழக்கமாக வரும் கோளாறுகளை ஒரே கோவையாகச் சேர்த்த ஆய்வு இது. அளவீட்டு எண்கள் விளக்கத்துக்காகத் தரப்பட்டவை. மாறிலிகளும் செய்முறைக் கணக்குகளும் அப்படியே பயன்படுத்தத் தக்கவை.

நிறம் ஏன் முதல் சாட்சி

மையலோபெராக்சிடேஸ் நம் இரத்தத்தின் நியூட்ரோஃபில் அணுக்களில், அசூரோஃபில் துகள்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அந்த அணுக்களின் உலர் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இது ஒன்றே. கிருமியை விழுங்கியதும் அணு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. நொதி அதையும் குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலமாக்குகிறது. வீட்டில் புழங்கும் வெளுப்பானில் இருப்பதும் இதன் உப்புதான். 1941-இல் ஷெல் அக்னர் என்ற சுவீடன் ஆய்வாளர், காசநோயாளிகளின் நெஞ்சறைச் சீழிலிருந்து இதைப் பிரித்தபோது, பசுமையைக் குறிக்கும் ‘வெர்டோபெராக்சிடேஸ்’ என்ற பெயரை வைத்தார். சீழும் சளியும் பச்சையாகத் தெரிவதற்கு இந்த நொதியின் ஹீம் என்ற இரும்புள்ள நிறமிதான் காரணம்.

ஆய்வுமேசையில் இருப்பவருக்கு அந்தப் பச்சை பெரிய வசதி. நிறமற்ற புரதத்தில், குப்பிக்குள் இருப்பது நல்ல நொதியா சிதைந்த நொதியா என்று அறிய வினை நடத்தித்தான் பார்க்கவேண்டும். இங்கே நிறமாலைமானியே முக்கால் உண்மையைச் சொல்லிவிடும். முழு நொதி சுமார் 146 கிலோடால்டன் எடையுள்ள இரட்டை மூலக்கூறு. அதில் இரண்டு ஹீம்கள். ஒவ்வொரு ஹீமுக்கும் 430 நானோமீட்டரில் உட்கவர்வுக் கெழு (உட்கவர்வை இதால் வகுத்தால் மோலார் செறிவு வரும்) 89,000. ஹீமின் உச்சத்தை 280 நானோமீட்டரின் புரத உட்கவர்வால் வகுத்தால் வருவதே தூய்மை எண். 0.8-ஐ ஒட்டியோ மேலாகவோ இருந்தால் அது நல்ல சரக்கு.

மூன்றாவது குப்பியை அப்படித்தான் பார்த்தார்கள். 100 மைக்ரோலிட்டரில் கரைத்த நொதியிலிருந்து 2 மைக்ரோலிட்டர் எடுத்து நுண்துளி நிறமாலைமானியில் வைத்தபோது, ஒரு செண்டிமீட்டர் பாதைக்குக் கணக்கிட்டு 430-இல் 1.15, 280-இல் 1.42. தூய்மை எண் 0.81. 1.15-ஐ 89,000-ஆல் வகுத்தால் ஹீம் செறிவு 12.9 மைக்ரோமோலார், அதாவது இரட்டை மூலக்கூறு 6.5 மைக்ரோமோலார். எடைக்கணக்கில் மில்லிலிட்டருக்கு 0.94 மில்லிகிராம். குப்பியின் 100 மைக்ரோகிராமை 100 மைக்ரோலிட்டரில் கரைத்தால் வரவேண்டிய 1 மில்லிகிராம் என்ற எண்ணுக்கு இது போதிய அளவு நெருக்கம். உச்சம் 400 பக்கம் நகரவும் இல்லை. நகர்ந்திருந்தால் ஹீம் கழன்று தனியாக மிதக்கிறது என்று பொருள். 570, 625, 690 அருகே இருக்கவேண்டிய சிறு மேடுகளும் இருந்தன. சந்தேகம் தீராதவர்கள் ஒரு சிட்டிகை சோடியம் டைதயோனைட்டைப் போட்டுப் பார்க்கலாம். இரும்பு ஒடுக்கமடைந்து உச்சம் 472-க்கும் 637-க்கும் தாவும். வேறு எந்தப் பொதுவான பெராக்சிடேஸும் அந்தக் கைரேகையைக் காட்டாது.

சாங்கி விமான நிலையத்தில் பெட்டி கொஞ்ச நேரம் காத்திருந்தது உண்மைதான் என்றாலும், இது வெயிலில் வாடிவிடும் பூ இல்லை. உலர்பொடி நிலையில் இந்த நொதி சில மணி நேர அறை வெப்பத்தைத் தாங்கும். இந்த ஊரில் உண்மையான ஆபத்து ஈரப்பதம். மைனஸ் 20-இலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால், நம் காற்றின் ஈரம் பொடியின் மேல் வேர்த்துவிடும். உலர்த்திப் பேழைக்குள் அரைமணி நேரம் வைத்து அறை வெப்பத்துக்கு வந்தபின் மையவிலக்கில் 1,000 ஜி விசையில் ஒரு நிமிடம் சுழற்றி, மூடியில் ஒட்டிய பொடியைக் கீழே இறக்கிவிட்டே திறக்கவேண்டும். அந்தக் கூடம் இதைச் சரியாகவே செய்திருந்தது.

ஆக, நொதி உயிரோடுதான் வந்தது. அதைக் கொன்றது மேசை.

சான்றிதழ் எண்ணோடு ஏன் ஒப்பிடக்கூடாது

தவறுகளுக்குள் போகுமுன் ஒரு சிறு பிழையை ஒதுக்கிவிடலாம். ‘எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்கு’ என்ற கணக்கே ஓரளவு தடம் மாறியது. சான்றிதழில் அச்சிட்டிருந்த ‘யூனிட்’ குவையகால் என்ற நிறமூட்டும் வினைபொருளை வைத்து, பிஎச் 7.0-இல், 25 டிகிரியில் அளந்தது. கூடம் பயன்படுத்தியது டிஎம்பி எனப்படும் டெட்ராமெத்தில்பென்சிடின், ஆக்சிகரணமானால் நீலமாகும் பொருள். ஒரு வழங்குநரின் யூனிட் நிமிடத்துக்கு இத்தனை உட்கவர்வு என்றிருக்கும். இன்னொருவருடையது நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோமோல் பெராக்சைடு என்றிருக்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணுவது சிங்கப்பூர் வெள்ளியையும் இந்திய ரூபாயையும் கூட்டுவதுபோல. ஒரு குப்பியை இன்னொரு குப்பியோடு ஒப்பிட வேண்டுமென்றால், ஹீமை வைத்துச் செறிவைக் கணக்கிட்டு, ஒரே செய்முறையில், ஒரே நாளில் ஓட்டவேண்டும். வேறு வழி எதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

வளைகோட்டின் வடிவம்

கூடம் பத்தாவது நிமிடத்தில் ஒருமுறை மட்டும் அளந்துவந்தது. அதுதான் மூலக் கோளாறு. ஒற்றை அளவீடு ‘குறைவு’ என்று சொல்லுமே தவிர, ஏன் குறைந்தது என்று சொல்லாது. அதே நுண்குழித் தட்டை, அதே கரைசல்களோடு, 652 நானோமீட்டரில் 10 நொடிக்கு ஒருமுறை அளக்கச் சொன்னதும் படம் தெளிந்தது. முதல் அரை நிமிடம் நீலம் சுறுசுறுப்பாக ஏறியது. பிறகு கோடு வளைந்து, இரண்டாவது நிமிடத்துக்குள் படுத்துவிட்டது. நொதி இல்லாமல் இருந்தால் கோடு எழும்பியே இருக்காது. நொதி இருந்து, வேலை செய்து, வேலையின் நடுவே சாகிறது.

இந்த வடிவத்தைப் பார்த்ததும் முதலில் பிடிக்கவேண்டியது ஹைட்ரஜன் பெராக்சைடை. மையலோபெராக்சிடேஸுக்கு அது உணவும் நஞ்சும். முதல் பெராக்சைடு மூலக்கூறு நொதியை ‘முதற்சேர்மம்’ என்ற நிலைக்கு ஏற்றுகிறது. அங்கிருந்து டிஎம்பியோ குளோரைடோ அதை மீண்டும் பழைய நிலைக்கு இறக்கவேண்டும். பெராக்சைடு அளவுக்கு மிஞ்சினால், அடுத்த பெராக்சைடு மூலக்கூறே முதற்சேர்மத்தை இரண்டாம் சேர்மமாக ஒடுக்கிவிடும். சுழற்சி தடைபட்டு, நாளடைவில் ஹீமே வெளுத்து உடைகிறது. டிஎம்பியோடு வேலை செய்ய 0.3 மில்லிமோலார் போதும்.

கூடத்தின் குறிப்பேட்டில் ‘0.3’ என்றுதான் இருந்தது, ஆனால் அதற்குப் பக்கத்தில் விழுக்காட்டுக் குறி. மூலச் செய்முறையின் 0.3 மில்லிமோலார், எங்கோ ஒருமுறை கையால் நகலெடுத்தபோது 0.3 விழுக்காடு ஆகியிருந்தது. 30 விழுக்காட்டுப் பாட்டிலை நூறு மடங்கு நீர்த்தால் வரும் கரைசல் அது. புதுப் பாட்டிலாக இருந்தால் 98 மில்லிமோலார். அதில் 10 மைக்ரோலிட்டரை 200 மைக்ரோலிட்டர் குழியில் விட்டால் 4.9 மில்லிமோலார்.

அதோடு நிற்கவில்லை. செயல்திறன் குறைவாக வந்ததும், பெராக்சைடு பழசாகி வலுவிழந்திருக்கும் என்று நினைத்து 20 மைக்ரோலிட்டராக்கினார்கள். பாட்டில் வலுவிழந்திருந்தது என்னவோ உண்மை. சிங்கப்பூரில் 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் பெராக்சைடு வெடிபொருள் முன்னோடிகள் பட்டியலில் இருக்கிறது. வைத்திருக்கக் காவல்துறை உரிமம் வேண்டும். அதனால் கூடங்கள் அடிக்கடி புதுப் பாட்டில் வாங்குவதில்லை. ஒரே பாட்டில் பூட்டிய அலமாரியில் நெடுங்காலம் கிடந்து, ஒவ்வொரு திறப்பிலும் கொஞ்சம் உயிரை விட்டுக்கொண்டிருக்கும். 240 நானோமீட்டரில் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்: கெழு 43.6. ஆயிரம் மடங்கு நீர்த்த கரைசல் 0.427 காட்டவேண்டிய இடத்தில் 0.31 காட்டியது. பாட்டிலின் உண்மைச் செறிவு 7.1 மோலார், எடையில் ஏறத்தாழ 22 விழுக்காடு. அப்படி வலுவிழந்த பாட்டிலிலிருந்து இரட்டிப்பாக எடுத்தும் குழிக்குள் 7.1 மில்லிமோலார் சேர்ந்தது. தேவையானதைப்போல் 24 மடங்கு. நொதிக்கு மருந்து என்று நினைத்துக் கொடுத்ததே கழுத்தை நெரித்தது.

பெராக்சைடைத் திருத்திய முறை இது: பாட்டிலிலிருந்து எடுத்ததை நூறு மடங்கு நீர்த்து 71 மில்லிமோலார், அதில் 169 மைக்ரோலிட்டரை 10 மில்லிலிட்டராக்கினால் 1.2 மில்லிமோலார், குழிக்குள் 50 மைக்ரோலிட்டர் விட்டால் இறுதிச் செறிவு 0.3. தினமும் காலையில் 240-இல் அளந்துவிட்டே நீர்க்கவேண்டும். நீர்த்த கரைசலை மறுநாளுக்கு வைக்கக்கூடாது. வெளிச்சம் படாத டியூபில், பனிக்கட்டி மேல் இருக்கட்டும்.

நேர்கோடு, ஆனால் தாழ்ந்த கோடு

இப்போது கோடு வளையவில்லை. ஐந்து நிமிடமும் நேராக ஏறியது. சரிவு மட்டும் நிமிடத்துக்கு 0.03. பலர் இங்கே நிறுத்திக்கொண்டு, “நொதி கொஞ்சம் மந்தமான தொகுதி” என்று எழுதிவிடுவார்கள். ஆனால் நேரான தாழ்ந்த கோடு வேறு இரண்டு நோய்களின் அறிகுறி: நொதியைத் தொடக்கத்திலேயே கட்டிப்போடும் ஏதோ ஒன்று கரைசலில் இருக்கவேண்டும், அல்லது குழிக்குள் போன நொதியே நாம் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கவேண்டும். இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம். இங்கே இருந்தது.

முதல் நோய் குளிர்பெட்டியின் இரண்டாவது தட்டில் இருந்த ஒரு லிட்டர் பாட்டில். மேலே பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) என்று மட்டும் ஒட்டியிருந்தது. இரத்த அணுக்களைப் பகுத்தாயும் வேலைக்காக எதிர்ப்பான்களை (ஆன்டிபாடிகளை) கழுவ வைத்திருந்த பாட்டில் அது. பூஞ்சை பிடிக்காமலிருக்க யாரோ 0.02 விழுக்காடு சோடியம் ஆசைடு சேர்த்திருந்தார்கள். செறிவாகச் சொன்னால் 3.1 மில்லிமோலார். ஆசைடு ஹீம் இரும்பைப் பற்றிக்கொள்ளும். நியூட்ரோஃபில் ஆய்வுகளில் மையலோபெராக்சிடேஸை வேண்டுமென்றே நிறுத்த 1 மில்லிமோலார் ஆசைடு போடுவது வழக்கம். அந்த நிறுத்தியைத்தான் இவர்கள் நீர்ப்பியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

முழுதாக நிற்காமல் கொஞ்சமாவது ஓடியதற்குக் காரணம், முதல் நீர்ப்பு மட்டுமே அந்தப் பாட்டிலில் நடந்தது. 1 மைக்ரோலிட்டர் நொதியை 1 மில்லிலிட்டர் பிபிஎஸ்ஸில் விட்டு, அதைப் பத்து மடங்கு வினைப் பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) நீர்த்து, 200-இல் 50 மைக்ரோலிட்டர். கணக்குப் போட்டால் குழிக்குள் 77 மைக்ரோமோலார் ஆசைடு எஞ்சும். வினையை இழுத்துப் பிடிக்க அது போதும். 1 மைக்ரோலிட்டரைப் பிப்பெட்டில் எடுப்பதே ஒரு சூதாட்டம் என்பது தனிச் சங்கதி.

ஆசைடுதான் என்று உறுதிசெய்யப் புதுப் பஃபர் கலக்கக்கூட வேண்டியதில்லை. அதே பாட்டிலில் முதல் நீர்ப்பை நூறு மடங்காகக் குறைத்து, இரண்டாவது நீர்ப்பை வினைப் பஃபரில் நூறு மடங்காகக் கூட்டினார்கள். குழிக்குள் போகும் நொதி அதே அளவு. ஆசைடு மட்டும் 77-இலிருந்து 7.7 மைக்ரோமோலாராகக் குறைந்தது. சரிவு 0.03-இலிருந்து 0.07 ஆனது. நொதி கூடாமல் வேகம் கூடினால், நீர்ப்பியில்தான் குற்றவாளி. அன்று மாலை புதிதாகக் கலந்த, ஆசைடு இல்லாத பஃபரில் 0.08.

ஆசைடு எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதற்கு ஒரு சிறு குறிப்பு. வாங்கும் எதிர்ப்பான்கள் பலவற்றில் இருக்கும். தயாராக வரும் தடுப்புக் கரைசல்களில், திரவ நிலையில் விற்கும் பிஎஸ்ஏவில் (மாட்டு இரத்தப் புரதமான ஆல்புமின்), நெடுநாள் வைத்த நெடுவரிசைப் பிசின்களில் இருக்கும். பெராக்சிடேஸ் வேலை நடக்கும் கூடத்தில் ஆசைடு உள்ள ஒவ்வொரு பாட்டிலுக்கும் சிவப்பு மூடி கட்டாயமாக்குவது நல்லது. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: டிஎம்பி வினையை நிறுத்தக் கந்தக அமிலம் ஊற்றுவோம். ஆசைடு அமிலத்தைச் சந்தித்தால் ஹைட்ரசோயிக் அமிலம் என்ற நச்சு ஆவி எழும். குழிக்குள் இருக்கும் மைக்ரோமோலார் அளவு பொருட்டல்ல; கழிவுக் குடுவையில் இரண்டையும் சேர்த்து ஊற்றுவது பொருட்டு. ஈயக் குழாயும் செம்புக் குழாயும் உள்ள கைகழுவு தொட்டியில் ஆசைடை ஊற்றினால் குழாயிலேயே வெடிக்கும் உப்பு படியும்.

சுவரில் ஒட்டும் புரதம்

0.08-க்கும் மேலே போகவேண்டும் என்று தெரிந்தது எப்படி? நீர்த்த நொதியை அரைமணி நேரம் டியூபிலேயே விட்டுவிட்டு மீண்டும் அளந்தார்கள். 0.05. ஆசைடு என்றால் நேரத்தோடு இப்படிக் குறையாது. நொதி எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. போகும் இடம் டியூபின் சுவர்.

மையலோபெராக்சிடேஸ் மிகுந்த நேர்மின்னேற்றம் கொண்டது; அதன் சமமின் புள்ளி (மின்னேற்றம் சமனாகும் இடம்) பிஎச் 10-க்கும் மேலே. மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருக்கும் மூலக்கரைசலில் சுவர் சில பத்து நானோகிராம்களைத் தின்றாலும் யாருக்கும் தெரியாது. மில்லிலிட்டருக்கு 94 நானோகிராமாக நீர்த்தபின் அதே பசி முக்கால் தட்டைக் காலி செய்துவிடும். பாலிஸ்டைரீனும் கண்ணாடியும் மோசம். ஒட்டாத வகைப் பாலிப்புரோப்பிலீன் டியூபுகள் தேவலை. உண்மையான தீர்வு, சுவரை வேறொரு புரதத்தால் முன்கூட்டியே நிரப்புவது: நீர்ப்பியில் 0.1 விழுக்காடு பிஎஸ்ஏ, பொடியிலிருந்து நாமே கரைத்தது. அதோடு 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு. உப்புக் குறைந்த பஃபரில் இந்த நொதி எதிர்மின்னேற்றம் உள்ள எதைக் கண்டாலும் தாவிப் பிடித்துக்கொள்ளும்.

திசுவிலிருந்து நொதியைப் பிரிப்பவர்கள், துகள்களை உடைத்து அதை வெளியே கொண்டுவரவும் ஒட்டாமல் வைக்கவும் 0.5 விழுக்காடு சிடிஏபி சோப்பைப் போடுகிறார்கள். நேர்மின்னேற்றம் கொண்ட சோப்பு அது. சுவரில் நொதியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஒரு கண்ணி உண்டு. அதில் இருக்கும் புரோமைடை மையலோபெராக்சிடேஸ் குளோரைடைவிட விருப்பத்தோடு ஆக்சிகரணம் செய்யும். டிஎம்பி வினைக்கு அது பெரிய தொல்லையில்லை. குளோரினேற்றத்தை அளக்கிறவர்கள் அதன் குளோரைடு வடிவத்துக்கு மாறவேண்டும்.

பிஎஸ்ஏவும் ஒட்டாத டியூபும் சேர்ந்ததும் சரிவு 0.12. அரைமணி நேரம் கழித்தும் 0.12. கூடத்தின் பழைய செய்முறை கொடுத்ததோடு ஒப்பிட்டால் பத்து மடங்கைத் தாண்டிவிட்டது. குப்பி மாற்றித் தரவில்லை.

இப்போது கூடம் பின்பற்றும் செய்முறை

வினைப் பஃபர் 80 மில்லிமோலார் பாஸ்பேட், பிஎச் 5.4. நொதியை 5 மைக்ரோலிட்டர் எடுத்து 495 மைக்ரோலிட்டர் நீர்ப்பியில் (அதே பஃபர், 100 மில்லிமோலார் உப்பு, 0.1 விழுக்காடு பிஎஸ்ஏ) விடுவது, அதிலிருந்து இன்னொரு நூறு மடங்கு. மில்லிலிட்டருக்கு 94 நானோகிராம். குழிக்குள் இந்த நொதி 50 மைக்ரோலிட்டர், வெற்றுப் பஃபர் 90, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த 20 மில்லிமோலார் டிஎம்பி 10. தட்டை அளவீட்டுக் கருவிக்குள் 25 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தபின், பலவாய்ப் பிப்பெட்டால் 1.2 மில்லிமோலார் பெராக்சைடு 50. கடைசியாகப் பெராக்சைடுதான் போகவேண்டும். வரிசையை மாற்றினால், டிஎம்பி வந்துசேருமுன் நொதி பெராக்சைடோடு தனியாக மாட்டிக்கொள்ளும்.

652-இல் ஐந்து நிமிடம் அளந்து நேரான பகுதியின் சரிவை எடுப்பது. நீல விளைபொருளின் கெழு 39,000; 200 மைக்ரோலிட்டர் உள்ள குழியில் ஒளிப்பாதை சுமார் 0.56 செண்டிமீட்டர். நிமிடத்துக்கு 0.12 என்றால் விளைபொருள் 5.5 மைக்ரோமோலார். ஐந்து நிமிடத்தில் பெராக்சைடின் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகாது. கோடு நேராக இருக்கவேண்டியதன் கணக்கு இதுவே. உட்கவர்வு 1-ஐத் தாண்டவிடாமல் நொதியைக் குறைத்துக்கொள்ளவேண்டும், நீலம் அடர்ந்தால் வீழ்படிவாகும். அமிலம் ஊற்றி 450-இல் மஞ்சளாக அளப்பவர்களுக்குக் கெழு 59,000. நொதியில்லாத குழி ஒன்றும், 4-அமினோபென்சாயிக் அமில ஹைட்ரசைடு சேர்த்த குழி ஒன்றும் ஒவ்வொரு தட்டிலும் கட்டாயம். இந்தத் தடுப்பான் தற்கொலைத் தூண்டில் வகை: நொதி அதை ஆக்சிகரணம் செய்யும்போதுதான் நொதியைக் கொல்லும். பெராக்சைடு இல்லாமல் ஒரு மணி நேரம் ஊறவைத்தாலும் பலனில்லை. இது தெரியாமல் “தடுப்பானும் வேலை செய்யவில்லை” என்று எழுதியவர்கள் உண்டு.

மூலக்கரைசலை 10 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வைப்பது. தானாகப் பனி உருக்கும் வீட்டு வகை ஃப்ரீசரில் வைத்தால், அது நாளுக்குச் சில தடவை சூடேறி இறங்கும். உறைந்து உருகுவதை நாமே செய்யாமல் செய்த கணக்கு. மனித இரத்த மூலம் என்பதால், எச்ஐவி, கல்லீரல் அழற்சி வைரஸ் சோதனைகளில் எதிர்மறை என்று சான்றிதழ் சொன்னாலும், உயிரியல் பாதுகாப்பு இரண்டாம் நிலை ஒழுங்கோடே கையாள்வது.

கடுக்காய்க் குழிகள்

கூடம் இந்த நொதியை வாங்கியதே நாட்டு மருந்துச் சாறுகளில் தடுப்பான் தேடத்தான். சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கிய கடுக்காய்த் தூளின் சாறு, பழைய செய்முறையிலும் புதியதிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் தடுப்புக் காட்டியது. மகிழ்ச்சி அளவுக்கு மிஞ்சியதாக இருந்தது. கடுக்காயில் டானின் கொட்டிக்கிடக்கிறது. டானின், அஸ்கார்பிக் அமிலம், டைதயோதிரைட்டால் போன்ற ஒடுக்கிகள் எல்லாம் நீல டிஎம்பியைத் திரும்ப நிறமற்றதாக்கிவிடும். நொதி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நிறம் மட்டும் அழிந்துகொண்டே இருக்கும். கருவி அதைத் தடுப்பு என்று பதிவு செய்யும்.

பிரித்தறியும் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். சாறு இல்லாமல் வினையை ஓட்டி, உட்கவர்வு 0.6 வந்ததும் கேட்டலேஸ் சேர்த்துப் பெராக்சைடைத் தீர்த்துவிடுவது. நீலம் நிலைத்து நிற்கிறதா என்று ஒரு நிமிடம் பார்ப்பது. பிறகு 10 மைக்ரோலிட்டர் சாறு. கடுக்காய்ச் சாறு பட்ட குழிகள் கண்ணெதிரே வெளுத்தன. ஓரத்திலிருந்து நடுவாக, எண்ணிப் பத்து நொடிக்குள். ஆகவே அந்த 90 விழுக்காட்டில் எவ்வளவு நொதியைப் பற்றியது, எவ்வளவு நிறத்தைப் பற்றியது என்று டிஎம்பி தட்டை வைத்துச் சொல்லவே முடியாது. நொதியைச் சாறோடும் பெராக்சைடோடும் வினையாற்றவிட்டு, 30 கிலோடால்டன் வடிகட்டியில் சிறு மூலக்கூறுகளைக் கழுவி எடுத்தபின், எஞ்சிய நொதியை அளந்தபோது மூன்றில் இரண்டு பங்கு செயல்திறன் திரும்பிவந்தது. மீளாத தடுப்பு ஏதேனும் இருந்தால் அது மிச்ச மூன்றில் ஒரு பங்குக்குள்தான். மீளும் தடுப்பைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் பேசாது.

நொதி உடலில் செய்யும் வேலை குளோரினேற்றம் என்பதால், அடுத்து டாரின் (அமினோ அமிலம் போன்ற ஒரு பொருள்) சோதனைக்குப் போனார்கள். பிஎச் 7.4 பாஸ்பேட் 20 மில்லிமோலார், உப்பு 140, டாரின் 10 மில்லிமோலார். நொதி உண்டாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தை டாரின் உடனே பிடித்து டாரின் குளோராமினாக வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் அந்த அமிலம் நொதியையே அரிக்கும். இங்கே டிஎம்எஸ்ஓ கூடாது, அதுவும் அமிலத்தை விழுங்கும். கேட்டலேஸால் நிறுத்தி, அயோடைடு கலந்த டிஎம்பியால் நிறம் எழுப்பி 650 பக்கம் அளப்பது. இதிலும் சாறு டாரின் குளோராமினை நேரடியாகத் தின்னக்கூடும். அதற்குத் தனியாகத் தயாரித்த டாரின் குளோராமினில் சாறு விட்டுப் பார்க்கும் குழி வேண்டும்.

முதல் தட்டிலேயே நொதியில்லாத குழிகளும் நீலமாயின. நம் ஊர்க் குழாய்நீரைக் கிருமிநீக்கம் செய்வது குளோராமினால். சுத்திகரிப்புக் கருவியின் கரிப் பொதி தீர்ந்துபோனால் அது நழுவி உள்ளே வரும். இந்தச் சோதனை அளப்பதும் குளோராமினைத்தான். மின்கடத்துதிறன் மானியோ எல்லாம் சரி என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது, ஏனென்றால் மோனோகுளோராமின் மின்னேற்றமில்லாத மூலக்கூறு. கரிப் பொதியை மாற்றி, முதல் ஐந்து லிட்டரை வடியவிட்டபின் பஃபர்களைப் புதிதாகக் கலந்தார்கள். அதற்குப் பின்னரே வெற்றுக் குழி நிறமற்று நின்றது. கடுக்காய்ச் சாற்றைத் திரும்ப ஓட்ட முடிந்தது.